பாலைப்பழக் காலத்தில ரெண்டு காலில நிண்டது என்ன? கரடியா, மனிதக் குரங்கா? திருகோணமலைப் பக்கத்து ஆக்கள் தங்கட ஊர்ப் பேரில எழுதினது.

பன்குளம்:
ஆனிக் கடைசி, பின்னேரம் ஆறேகால். குளத்து அலைகரையில இருந்து அறுபது யார் தூரம் உள்ளுக்கு ஒரு பெரிய பாலை மரம். அதுக்குக் கீழ நிண்டது, ரெண்டு காலில. நாலடிக்குக் கூட, அஞ்சடிக்குக் குறைவு. கறுத்த மயிர், நெஞ்சில மங்கின வெள்ளையாய் ஏதோ. ஒரு கையால தாழ்ந்த கொப்பை வளைச்சு இழுத்துது, கொப்பு முறிஞ்ச சத்தம் கேட்டது. பிறகு தலையை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி, ரெண்டு கையையும் முன்னுக்குத் தொங்க விட்டபடி நிண்டது. களைச்சுப்போன ஆள் நிற்கிற மாதிரி. பத்து எண்ணுற நேரம் இருக்கும். பத்தைக்குள்ள போகேக்கையும் ரெண்டு காலில மூண்டு எட்டு வைச்சிட்டுத்தான் குனிஞ்சது.

விடியச் சேத்தில ஒரு தடம் கிடந்தது. நீளம் 17 சென்ரிமீற்றர், அகலம் 8. குதி இருக்கு, அஞ்சு விரல் இருக்கு, நகம் படேல்லை. பெரிய விரல் வலப்பக்கம். மனுசன்ர இடக்கால் அப்படியே. பக்கத்தில தீப்பெட்டி வைச்சு எடுத்த படம் ஒண்டு இருக்கு. கரடி எண்டு சொல்லுவீங்கள். கரடி தெரியாத ஊர் இல்லை இது. அந்தக் கை தொங்கின விதம்தான் மனசை விட்டுப் போகுதில்லை.

திரியாய்:
தம்பி, கரடிதான். நீங்கள் எழுதினதிலேயே விடை கிடக்கிறது. கரடியின் பாதத்தில் பெரிய விரல் வெளிப்பக்கம், சின்ன விரல் உட்பக்கம். மனிதனுக்கு மறுவளம். ஆகவே கரடியின் வலது பின்னங்கால் சேற்றில் பதிந்தால் மனிதனின் இடக்கால் போலத்தான் தெரியும். ஒற்றைத் தடத்தில் பெரிய விரல் இருக்கும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்தடுத்து மூன்று தடமாவது வேண்டும். போன வழியின் நடுவால் ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால் எது வலக்கால், எது இடக்கால் என்று தெரியும். வலக்காலில் பெரிய விரல் கயிற்றுக்கு எட்டத்தில் இருந்தால் கரடி, கயிற்றை ஒட்டி இருந்தால் மனிதன்.

நகம் படவில்லை என்பது எதையும் காட்டாது. நீளமான நகம் முன்னங்காலில்தான், 6 முதல் 8 சென்ரிமீற்றர் வரை இருக்கும். பின்னங்கால் நகம் கட்டை, சேறு இறுகியிருந்தால் படாது. படத்தில் விரல்களின் வரிசையைப் பாருங்கள். ஏறக்குறைய நேர்கோட்டில் நின்றால் கரடிப் பக்கம் பலம். மனித விரல்கள் வளைந்து இறங்கும்.

நெஞ்சில் வெள்ளை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அது கரடியின் அடையாளம். குரங்கு என்று வாதிட இடமே இல்லை. மந்திக்கு உடம்பைவிட வால் நீளம். செங்குரங்கு நிமிர்ந்தாலும் நாலடி வராது. தேவாங்குக்கு வால் இல்லை, ஆனால் அது கையில் அடங்கும். வாலில்லாப் பெருங்குரங்கு இந்தத் தீவில் கிடையாது.

வெருகல்:
எல்லாத்தையும் கரடியோட கட்டி முடிக்க வேண்டாம். நிட்டேவோ எண்டு கேள்விப்பட்டிருப்பீங்கள். அம்பாறைப் பக்கம் பாணமைக்குத் தெற்கே, மகாலேனமப் பக்கத்து ஆதிவாசி வேடர் சொல்லி வந்த குள்ள மனிசரின்ர கதை. 1886இல ஹியூ நெவில் எண்ட பிரித்தானிய அதிகாரி எழுதி வைச்சார், 1914இல பிரெடெரிக் லூயிஸ் திரும்பப் பதிஞ்சார். மூண்டடி உயரம், உடம்பெல்லாம் மயிர், கட்டைக் கை, நீள நகம், குகையிலயும் மரத்திலயும் இருப்பு, கூட்டமாய்த் திரியும். கடைசியில மிஞ்சினதுகளை வேடர் ஒரு குகைக்குள்ள துரத்தி, வாசலில விறகு அடுக்கி, மூண்டு நாள் எரிச்சாங்கள் எண்டு கதை முடியுது. 1945இல ஒஸ்மன் ஹில் எண்ட உடற்கூற்றுப் பேராசிரியர் இதைப் பொருட்டாய் எடுத்து எழுதினவர். கரடியோட ஒரே காட்டில வாழ்ந்த வேடருக்குக் கரடியை அடையாளம் தெரியாமல் போயிருக்குமா?

கந்தளாய்:
கேள்வி நியாயம்தான். ஆனால் நெவில் அந்தக் கதையை வேடரின் வாயால் நேரே கேட்கவில்லை. ஒரு சிங்கள வேட்டைக்காரர் வழியாகத்தான் கேட்டார். எலும்பு ஒன்றுகூட இதுவரை நிட்டேவோ என்று நிலைநாட்டப்படவில்லை. அதோடு, அந்தக் கதை மூன்றடி, பன்குளத்தில் நின்றது நாலடிக்கு மேல். பாணமைக் கதையைப் பாணமையிலேயே விடுங்கள், அது அங்கே மதிப்போடு இருக்கட்டும்.

தடத்தை மட்டும் நம்பி ஏமாந்தது நாம் மட்டுமல்ல. 1951இல் மலையேறி எரிக் ஷிப்டன் எவரெஸ்ட் பக்கம் பனியில் எடுத்த படம், எட்டி என்ற இமயமலைப் பனிமனிதனின் தடம் என்று உலகமெல்லாம் சுற்றியது. 2019 ஏப்ரலில் இந்திய இராணுவம் மக்காலு முகாமுக்குப் பக்கத்தில் 32 அங்குலத்துக்கு 15 அங்குலத் தடம் என்று படம் போட்டது. பனி உருக உருகத் தடம் பெருக்கும். கரடி நடக்கும்போது முன்னங்கால் வைத்த இடத்திலேயே பின்னங்காலும் விழுந்தால் இரண்டும் ஒட்டி நீளமான ஒரே பாதமாகிவிடும். 2017இல் எட்டி என்று வைத்திருந்த எலும்பு, பல், தோல், மயிர் எல்லாமாக 9 மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தார்கள். 8 கரடி, ஒன்று நாய். நம்முடைய சேற்றிலும் முன்னும் பின்னும் ஒட்டும், ஆனால் அப்படி ஒட்டினால் 17 சென்ரிமீற்றரில் நிற்காது. பன்குளத்துத் தடம் தனிப் பின்னங்கால். இதில் திரியாய் அண்ணா சொன்னது சரி.

நிலாவெளி:
குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை ரோட்டில, இரவு ஒன்பது மணிக்கு மேல, ரோட்டோரம் நிமிர்ந்து நிண்டது. முதுகில கூன். டோர்ச் அடிச்ச உடனே கண் ரெண்டும் நெருப்புத் தணல் மாதிரி எரிஞ்சது. கூனும் அசைஞ்சது, கூனுக்கும் ரெண்டு கண் இருந்தது! அந்த நாலு கண்ணும் ஒரே நேரத்தில திரும்பினதை நினைச்சால் இப்பவும் மயிர் கூச்செறியுது. மனிதக் குரங்குக்கு முதுகில குட்டி இருக்குமா?

திரியாய்:
முதுகில் குட்டி சுமப்பது நம்முடைய கரடியின் வழக்கம். தாய்க்கரடி ஒன்றிரண்டு குட்டிகளை மாதக்கணக்கில் முதுகு மயிரில் தொங்கவிட்டபடி திரியும். கண் எரிந்தது என்பதுதான் இங்கே பெரிய சாட்சி. இரவில் இரை தேடும் விலங்குகளுக்கு விழிக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. கரடி, சிறுத்தை, மரநாய், தேவாங்கு எல்லாவற்றுக்கும் உண்டு. மனிதனுக்கும் செங்குரங்குக்கும் மந்திக்கும் மனிதக் குரங்குகளுக்கும் அது இல்லை. டோர்ச் வெளிச்சத்தில் தணல்போலக் கண் எரிந்தது என்று எவர் சொன்னாலும் அவர் பார்த்தது மனிதக் குரங்கு அல்ல.

தம்பலகாமம்:
தடத்தைத் தீப்பெட்டியோடு படம் பிடித்துவிட்டு வருவது போதாது. அச்சு எடுக்க வேண்டும். முறை இதுதான்.

முதலில் படம். கமரா தடத்துக்கு நேர் மேலே, சாய்க்காமல். அடிமட்டம் தடத்தின் அதே மட்டத்தில் கிடக்க வேண்டும், மேட்டில் வைத்தால் அளவு பொய் சொல்லும். வெயில் உச்சியில் நிற்கும்போது தடம் தட்டையாகத் தெரியும். காலை ஏழு மணிக்கு முந்திய சாய்வு வெளிச்சம் நல்லது. இல்லாவிட்டால் ஒரு துணியால் நிழல் கட்டி, டோர்ச்சை நிலத்தோடு ஒட்டிப் பக்கத்தில் இருந்து அடியுங்கள். நாலு பக்கத்தாலும் அடித்து நாலு படம்.

பிறகு பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸ். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். 17 சென்ரிமீற்றர்த் தடத்துக்கு ஒரு கிலோ மா, அரை லீற்றர் தண்ணீர். ஈரம் பட்ட பழைய மா இறுகாது, கட்டி தட்டியிருந்தால் வாங்க வேண்டாம். பெரிய சோடாப் போத்தலை வெட்டி ஐந்து சென்ரிமீற்றர் உயரப் பட்டியாக்கித் தடத்தைச் சுற்றி வளையம் கட்டுங்கள். தடத்துக்குள் விழுந்த சருகை எடுக்கலாம். பதிந்து அமுங்கிக் கிடக்கும் சருகை எடுக்க வேண்டாம், விரல் ஓரம் உடையும். தண்ணீருக்குள் மாவைத் தூவ வேண்டும், மாவுக்குள் தண்ணீரை ஊற்றினால் கட்டி பிடிக்கும். ஒரு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் குமிழி வரும், அந்தக் குமிழி அச்சில் போலி ரேகையாய்த் தெரியும். தோசை மாப் பதம். தடத்தின் மேல் நேரே ஊற்ற வேண்டாம். அகப்பையின் முதுகில் விழவிட்டு ஓரத்தால் வழியச் செய்யுங்கள். ஒரு சென்ரிமீற்றர் நிரம்பியதும் ஈர்க்குத் துண்டுகளைக் குறுக்காக வைத்து மிச்சத்தை ஊற்றினால் தூக்கும்போது முறியாது. சாதாரண வெயிலில் முக்கால் மணி, மப்பும் மழையுமாய் இருந்தால் ஒன்றரை மணி. கிளப்பும்போது அச்சை இழுக்காமல் அடியில் மண்ணோடு தோண்டித் தூக்குங்கள். உடனே கழுவ ஆசை வரும். கழுவினால் கெட்டது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பழைய பல் தூரிகையால் தட்டி எடுங்கள். கடற்கரை மணலாய் இருந்தால் ஊற்றுவதற்கு முன் முடிக்கு அடிக்கும் ஸ்பிறேயை இரண்டடி உயரத்தில் இருந்து மெல்லப் பிடித்து மணலை இறுக்க வேண்டும்.

மயிர் கிடைத்தால் கடதாசி உறை. பொலித்தீன் பையில் போட்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கையால் தொடாமல் குறட்டால், வேரோடு எடுங்கள். வேரில்லாத மயிரில் மரபணு எடுப்பது கடினம். உயரத்தை நினைவில் இருந்து சொல்லாமல், பார்த்த இடத்தில் அதே ஆள் நின்றுகொண்டு, மரத்தடியில் அடி குறித்த தடியோடு இன்னொருவரை நிறுத்திப் படம் எடுங்கள். அந்தி வெளிச்சத்தில் கண் உயரத்தைக் கூட்டிக் காட்டக்கூடும்.

கிண்ணியா:
தம்பலகாமம் அண்ணா, உங்கள் முறை நல்லது. ஆனால் பாலையும் வீரையும் பழுக்கும் வைகாசியில் இருந்து ஆடி வரை அச்செடுக்க விடியற்புறத்தில் தனிய போகச் சொல்ல வேண்டாம். கரடிக்கு மூக்குத்தான் கூர்மை, கண்ணும் காதும் மந்தம். புற்றைத் தோண்டிக் கறையான் உறிஞ்சும்போது அதன் சத்தமே அதற்குக் காது அடைக்கும். நூறு யாருக்கும் அப்பால் கேட்கும் அந்த உறிஞ்சல். கேட்டால் வந்த வழியே திரும்புங்கள். ஆள் கிட்ட வந்த பிறகு கண்டு திடுக்கிட்டுத்தான் பாயும், பாய்ந்தால் முகத்துக்குத்தான் வரும். இரண்டு மூன்று பேராய், சத்தமாய்க் கதைத்துக்கொண்டு போங்கள். மரத்தில் ஏறித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம், தேனுக்கு மரம் ஏறும் விலங்கு அது. விழுந்துவிட்டால் குப்புறக் கிடந்து பிடரியைக் கையால் மூடுங்கள். காயம் என்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

இன்னொன்று. இந்தப் படங்களைக் குரல் பதிவோடு வட்சப்பில் விட வேண்டாம். 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வரும் கிறீஸ் பூதம் என்று பரவிய கதையில் ஒரு பாவமும் அறியாத ஆட்கள் அடிபட்டார்கள். அந்த இரவுகளில் பிள்ளைகளை நடுவில் கிடத்திப் பொல்லோடு விழித்திருந்த வீடுகள் இங்கே இருக்கின்றன.

பன்குளம்:
மூண்டு பேராய்ப் போய்ப் பார்த்தாச்சு. தடம் இல்லை, எருமை இறங்கி உழக்கிப்போட்டுது. படத்தில விரல் நேர்வரிசையாய்த்தான் கிடக்கு. பாலை மரத்தில நெஞ்சுயரத்தில அஞ்சு கீறல், பட்டை கிழிஞ்சு பால் வடிஞ்சு காய்ஞ்சிருக்கு. முதல் கீறலுக்கும் கடைசிக் கீறலுக்கும் இடையில 11 சென்ரிமீற்றர். இருபது யார் தள்ளிப் புற்று ஒண்டு உடைஞ்சு கிடக்கு, பக்கத்துப் பீயில பாலைக் கொட்டை. கரடி எண்டதை ஏற்கிறன். அந்தக் கை தொங்கினதுக்கு மட்டும் யாராவது மறுமொழி சொல்லுங்கோ.