இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டொப்: உபுண்டுவில் எல்லாம் இழுபடுகிறது, வெளி மொனிட்டரும் வரவில்லை

உப்புவெளி டீச்சர்:
வணக்கம். திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். மூதூர், தம்பலகாமம் பக்கத்துப் பிள்ளைகள் பின்னேர வகுப்பு முடிந்து வீடு போய்ச் சேர்வது கஷ்டம் என்பதால் பாடங்களை ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிந்து அனுப்புவது வழக்கம். லேப்டொப்பில் எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ரம், இன்டெல் யூஎச்டி 630 உடன் என்விடியா ஜிடிஎக்ஸ் 1050. விண்டோஸ் மெதுவாகிவிட்டதால் ஒரு கடையில் கொடுத்து லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 24.04 போட்டு எடுத்தேன்.

இப்போது நிலைமை இன்னும் மோசம். வரைபுகள் கீறும் ஜியோஜிப்ரா செயலியில் ஒரு பரவளைவைப் பிடித்து நகர்த்தினால் கை நின்ற பிறகும் கோடு அசைந்துகொண்டிருக்கிறது. யூடியூப் வெட்டி வெட்டி ஓடுகிறது. ஃபேன் சத்தம் ஓய்வதே இல்லை. வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற பட்டன் வேலை செய்வதில்லை. எச்டிஎம்ஐயில் மொனிட்டரைப் போட்டால் சிக்னல் இல்லை என்கிறது. கடைக்காரர் ரம் கூட்டச் சொல்கிறார். காசைச் செலவழிக்க முதல் உங்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

மூதூரான்:
டீச்சர், ரம் வாங்க ஓடாதீர்கள். டெர்மினலில் டொப் என்று அடித்துவிட்டு, ஏதாவது ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்துக்கொண்டே மேல் வரியில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். ரம் எவ்வளவு பாவிக்கப்படுகிறது என்பதும் அங்கேயே தெரியும். இன்னொன்று, கடற்கரை வீடென்றால் ஃபேனில் உப்பும் தூசியும் சேர்ந்து இறுகியிருக்கும். சூடு ஏறினால் ப்ரொசெசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் ஒருக்கா துப்புரவாக்குவது நல்லது.

உப்புவெளி டீச்சர்:
பார்த்தேன். மேலே க்னோம்-ஷெல். விண்டோவை இழுக்கும்போது அது 300 சதவீதத்துக்குக் கிட்டப் போகிறது. ரம்மில் பாதிகூட நிரம்பவில்லை.

உவர்மலை:
அப்படியென்றால் ரம் பிரச்சினை இல்லை, தூசியும் இரண்டாம் பட்சம். உபுண்டுவின் முகப்பையும் விண்டோக்களையும் காட்டுகிற க்னோம்-ஷெல், ப்ரொசெசரின் மூன்று கோர்களை விழுங்குகிறது என்றால், கிராபிக்ஸ் சிப் செய்ய வேண்டிய வேலையை ப்ரொசெசர் தன் தலையில் போட்டுச் செய்கிறது என்றுதான் அர்த்தம்.

இப்படியான லேப்டொப்பில் டிரைவரை (சிப்பை இயக்கும் மென்பொருளை) தொட முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். திரையை எந்தச் சிப் வரைகிறது? எந்தத் துவாரம் எந்தச் சிப்புடன் இணைந்திருக்கிறது? இது தெரியாமல் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில்தான் பலருடைய கிழமைகள் வீணாகின்றன.

முதலாவதற்கு மெசா-யூட்டில்ஸ் பொதியை நிறுவி, கிளெக்ஸ்இன்ஃபோ -பி (பெரிய பி) என்று அடியுங்கள். ஓபன்ஜிஎல் ரெண்டரர் என்ற வரியில் என்ன இருக்கிறது? அதோடு, எழும்பும்போது இயங்குதளத்துக்குக் கொடுக்கப்பட்ட தெரிவுகளைக் காட்டும் கேட் /ப்ரொக்/சிஎம்டிலைன் அடித்து வருவதையும் போடுங்கள்.

உப்புவெளி டீச்சர்:
ரெண்டரர் வரியில் எல்எல்விஎம்பைப் என்று இருக்கிறது. கொஞ்சம் மேலே அக்சலரேட்டட்: நோ. மற்றக் கட்டளைக்கு வந்த வரியின் கடைசியில் குவயட் ஸ்பிளாஷ் நோமோட்செட்.

உவர்மலை:
பிடிபட்டுவிட்டது. எல்எல்விஎம்பைப் என்பது சிப் எதுவும் கிடைக்காதபோது ப்ரொசெசரை வைத்தே படம் வரைகிற, மெசா என்ற திறந்த கிராபிக்ஸ் தொகுப்பின் மென்பொருள். அது வந்ததற்குக் காரணம் அந்தக் கடைசிச் சொல்தான். நோமோட்செட் இருந்தால் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிராபிக்ஸ் சிப்புகளைத் தன் கையில் எடுக்காது. இன்டெலுக்கான டிரைவர் ஐ915, என்விடியாவுக்கான திறந்த டிரைவர் நூவோ இரண்டுமே எழும்பாது. லேப்டொப் எழும்பும்போது எந்தத் திரை கிடைத்ததோ அதை வைத்துக்கொண்டே ஓட்டும். வெளிச்சப் பட்டன் வேலை செய்யாததும் இரண்டாம் திரை வராததும் இதனால்தான். உங்கள் முதல் பதிவிலேயே இந்த இரண்டும் இருந்தன, அவைதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தன.

நூவோ சில என்விடியா சிப்புகளில் நிறுவும்போது கறுப்புத் திரையில் நின்றுவிடும். கடையில் அதற்காகப் போட்டிருப்பார்கள். நிறுவுவதற்கு அது சரியான வழிதான், ஆனால் நிறுவி முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும்.

உடனே நிரந்தரமாக அழிக்காதீர்கள். லேப்டொப் எழும்பும்போது எஸ்கேப் தட்டி, இயங்குதளத்தை எழுப்பும் க்ரப்பின் மெனுவுக்குப் போங்கள். முதல் வரியில் நின்று ஈ அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் முடிவில் நோமோட்செட் இருக்கும். அதை மட்டும் அழித்துவிட்டு கண்ட்ரோல்-எக்ஸ். இது ஒரு தடவைக்கு மட்டும்தான். திரை கறுத்து நின்றாலும் பயப்பட வேண்டாம், அணைத்துப் போட்டால் பழையபடி வரும்.

உப்புவெளி டீச்சர்:
வந்துவிட்டது! பரவளைவு கையோடு கையாக வருகிறது. ஃபேன் அடங்கிவிட்டது, வெளிச்சப் பட்டனும் வேலை செய்கிறது. ரெண்டரர் வரியில் இப்போது மெசா இன்டெல் யூஎச்டி 630. மிக்க நன்றி.

ஆனால் மொனிட்டரில் படம் வந்தாலும் அதில் மட்டும் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகிறது. லேப்டொப் திரையில் அப்படி இல்லை.

உவர்மலை:
சந்தோஷம் டீச்சர். முதலில் /ஈடிசி/டிஃபோல்ட்/க்ரப் கோப்பைத் திறந்து நோமோட்செட்டை எடுத்துவிட்டு, சூடோ அப்டேட்-க்ரப் அடியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை திரும்பி வந்துவிடும்.

இப்போது இரண்டாம் கேள்வி. எல்எஸ் /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் அடித்தால் என்ன வருகிறது?

உப்புவெளி டீச்சர்:
கார்ட்1-ஈடிபி-1, கார்ட்2-எச்டிஎம்ஐ-ஏ-1. மற்றவை வேறு பெயர்கள்.

உவர்மலை:
ஈடிபி என்பது லேப்டொப்பின் சொந்தத் திரை. அது ஒரு கார்டில், எச்டிஎம்ஐ மற்றக் கார்டில். உங்கள் லேப்டொப்பில் எச்டிஎம்ஐ துவாரம் என்விடியாவுக்குத்தான் போகிறது. ஆகவே இன்டெல் வரைந்த ஒவ்வொரு படமும் என்விடியா பக்கம் பிரதியாகி, பிறகுதான் மொனிட்டருக்குப் போகிறது.

இங்கேதான் நூவோவின் குறை தெரிகிறது. ஜிடிஎக்ஸ் 1050 பாஸ்கல் தலைமுறை. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை தொடக்கம், சிப்பின் கடிகார வேகத்தை ஏற்றுவதற்கு என்விடியா கையொப்பமிட்ட ஃபேர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) தேவை. பாஸ்கலுக்கு அப்படி ஒன்றை அவர்கள் நூவோவுக்குத் தரவில்லை. அதனால் எழும்பிய வேகத்திலேயே சிப் நிற்கிறது. நூவோவை எழுதுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, கதவைப் பூட்டி வைத்தது என்விடியாதான். 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினுஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை மேடையிலேயே திட்டினாரே, அதைக் கிளப்பியதும் இதே இரட்டைச் சிப் லேப்டொப் பற்றிய கேள்விதான்.

நிலாவெளி:
டீச்சர், நூவோவை விட்டு என்விடியாவின் சொந்த மூடிய டிரைவருக்குப் போக முதல், யூஎஸ்பி-சி துவாரம் இருந்தால் அதில் மொனிட்டரைப் போட்டுப் பாருங்கள். சில லேப்டொப்களில் அது இன்டெலோடு இணைந்திருக்கும். சரிவந்தால் என்விடியா பக்கமே போகத் தேவையில்லை.

உப்புவெளி டீச்சர்:
ஒரு பிள்ளையின் அப்பாவிடம் அடப்டர் வாங்கிப் போட்டுப் பார்த்தேன் அண்ணா. யூஎஸ்பி வேலை செய்கிறது, படம் வரவில்லை.

நிலாவெளி:
அப்போ அது தரவுக்கு மட்டும்தான். உவர்மலை சொல்கிறபடி செய்யுங்கள்.

உவர்மலை:
அடிஷனல் டிரைவர்ஸ் செயலியைத் திறங்கள். பட்டியலில் 535 போல எண்களோடு என்விடியா டிரைவர்கள் இருக்கும். பெயரில் ஓபன் என்று உள்ளதை எடுக்காதீர்கள். 2022இல் என்விடியா மூலநிரலைத் திறந்துவிட்ட கேர்னல் பகுதி, பாஸ்கலுக்குப் பிறகு வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும்தான், உங்கள் சிப்புக்குச் சரிவராது. இறக்கம் சில நூறு எம்பி வரும், போன் டேட்டாவில் செய்வதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவனம் தேவைப்படும் இடம் இதுதான். செக்கியூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளை எழும்பவிடாத பாதுகாப்பு) இயங்கினால் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். ரீஸ்டார்ட்டில் நீல நிறத் திரை வரும். அதில், டிரைவரின் கையொப்பச் சாவியை ஏற்கும் என்ரோல் எம்ஓகே தெரிவு செய்து அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். கண்டினியூ பூட்டைத் தட்டிக் கடந்தால் டிரைவர் எழும்பாது. பிறகு சூடோ ப்ரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட் (வழமையான வேலை இன்டெலில், தேவைப்படும்போது மட்டும் என்விடியா) அடித்து இன்னொரு ரீஸ்டார்ட். அதன் பிறகும் மொனிட்டர் தத்தினால், உள்நுழையும் திரையில் பற்சக்கரத்தைத் தொட்டு திரையைக் கையாளும் பழைய முறையான உபுண்டு ஆன் எக்ஸோர்க் தெரிவு செய்து பாருங்கள்.

உப்புவெளி டீச்சர்:
நீலத் திரை வந்தது, சொன்னபடியே செய்தேன். எக்ஸோர்க்குக்கு மாற்றிய பிறகு மொனிட்டரும் வடிவாக ஓடுகிறது. இன்றைக்கு வகையீடு பாடம் முழுவதையும் அதிலேயே பதிந்தேன். ஒன்று மட்டும்: மொனிட்டர் இல்லாத நேரத்திலும் லேப்டொப்பின் அடிப்பக்கம் சுடுகிறது, பற்றரியும் கெதியாக இறங்குகிறது.

உவர்மலை:
ஆன்-டிமாண்டில் என்விடியா சும்மா இருக்கும்போது முற்றாக அணைந்துவிடும் வசதி டூரிங்கிலிருந்துதான் வந்தது. பாஸ்கல் சும்மா இருந்தாலும் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். பற்றரியில் வேலை செய்யும் நாட்களில் சூடோ ப்ரைம்-செலக்ட் இன்டெல் அடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போது எச்டிஎம்ஐ செத்த மாதிரி இருக்கும், பழுது என்று நினைக்க வேண்டாம். பதிவு செய்யும் நாளில் திரும்ப ஆன்-டிமாண்ட். அன்றைக்கு ஓபிஎஸ்ஸின் அவுட்புட் பகுதியில் என்கோடராக (வீடியோவைச் சுருக்கும் பகுதியாக) என்விடியா சிப்பிலுள்ள என்விஎன்க்கைத் தெரிவு செய்துவிட்டால் ப்ரொசெசருக்கு இன்னும் சுமை குறையும்.