கடும் தலைவலிக்குக் கஞ்சா எண்ணெய்: எந்தப் பக்க விளைவுக்கு நிறுத்த வேண்டும்?

தென்றல்77:
வணக்கம். மாதத்தில் 12 நாளாவது ஒற்றைத் தலைவலி. வலி வராமல் தடுக்க ராத்திரி அமிட்ரிப்டிலின் 25 மி.கி., வலி தொடங்கினால் சுமாட்ரிப்டான். இரண்டும் போதாததால் டாக்டர் கஞ்சா எண்ணெய் எழுதியிருக்கிறார். 1 மில்லியில் டிஹெச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) 10 மி.கி., சிபிடி (போதை தராத பொருள்) 10 மி.கி. என்ன பக்க விளைவெல்லாம் வரும்? பழைய மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா?

மருந்துப்பெட்டி:
முதல் வாரத்தில் பெரும்பாலோருக்கு வருவது தூக்கக் கலக்கம், தலைசுற்றல், வாய் வறட்சி. அளவு கூடினால் நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத பயம், பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது மறந்துபோவது. இவை டிஹெச்சியால் வருபவை. சிபிடி கூடினால் வயிற்றுப்போக்கும் அசதியும்.

அதிகம் பேர் தவறுவது அளவில்தான். வழக்கமாக ராத்திரியில் 1 முதல் 2.5 மி.கி. டிஹெச்சியோடு தொடங்குவார்கள். உங்கள் எண்ணெயில் அது 0.1 முதல் 0.25 மில்லி. சொட்டு எண்ணாதீர்கள், ஒரு சொட்டு போல இன்னொன்று இருக்காது. 1 மில்லி சிரிஞ்சில் இழுங்கள். கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். 0.1ஐ 1 என்று படித்தால் பத்து மடங்கு உள்ளே போய்விடும்.

விழுங்கிய எண்ணெய் வேலைசெய்ய அரை மணியிலிருந்து 2 மணி நேரம் ஆகும், உச்சத்துக்கு வர 4 மணி நேரம்கூட ஆகலாம். "ஒன்றும் தெரியவில்லையே" என்று இன்னொரு முறை எடுப்பதால்தான் நடுராத்திரி படபடப்பும் வாந்தியும். விழுங்கும் டிஹெச்சியைக் கல்லீரல் இன்னும் வீரியமான பொருளாக மாற்றுவதால் புகையைவிட நீண்ட நேரம் நிற்கும். கொழுப்பான சாப்பாட்டோடு எடுத்தால் சிபிடி நான்கு மடங்கு வரை கூடுதலாக உடம்பில் சேரும். ஆகவே தினமும் ஒரே மாதிரி எடுங்கள். அளவைக் கூட்டச் சொல்லியிருந்தாலும் சில நாள் இடைவெளி விட்டுக் கூட்டுங்கள்.

நரம்புவழி:
மாத்திரைகளைப் பற்றி. அமிட்ரிப்டிலினும் வாயை உலர்த்தும், தூக்கம் வரவைக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும். டிஹெச்சியும் அதையே செய்யும், இரண்டும் கூடிக்கொள்ளும். மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதிகளைச் சிபிடி தடுப்பதால் அமிட்ரிப்டிலின் ரத்தத்தில் ஏறவும் வாய்ப்புண்டு. ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது கட்டிலோரம் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். இதே காரணத்தால் மதுவும் வேண்டாம்.

பலரும் கவனிக்காதது இன்னொன்று: தலைவலிக்கு எடுப்பதே தலைவலியைத் தரும். டிரிப்டான் (உங்கள் சுமாட்ரிப்டான் சேர்ந்த மருந்து வகை) மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ போனால் மருந்து மிகைத் தலைவலி உண்டாகலாம். உங்களுக்கு 12 நாள் வலி, ஆகவே அந்த எல்லையில் நிற்கிறீர்கள். கஞ்சாவை அடிக்கடி எடுப்பவர்களிடமும் இந்தத் தலைவலி கூடுதலாகக் காணப்படுகிறது. எந்த நாள் எது, எவ்வளவு, வலி பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நாள் எண்ணிக்கை ஏறினால் அளவைக் கூட்டாமல் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

தென்றல்77:
மிக்க நன்றி. அவசரமாக ஓட வேண்டியது எப்போது? வண்டி ஓட்டலாமா?

மருந்துப்பெட்டி:
ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு வெடிக்கும் தலைவலி வந்தால் அது வழக்கமான மைக்ரேன் என்று எண்ணிச் சுமாட்ரிப்டான் போடாதீர்கள். மூளை ரத்தக் குழாய்கள் திடீரென்று சுருங்குவதற்குக் கஞ்சாவும் டிரிப்டானும் தூண்டுகோலாக அறியப்பட்டவை. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத குரல் கேட்பது வந்தாலும் அப்படியே. மாதக்கணக்கில் எடுத்த பிறகு திரும்பத் திரும்ப வாந்தி வந்து, வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்கினால் அது கஞ்சாவால் வரும் வாந்தி. நிறுத்தினால்தான் சரியாகும்.

வாயால் எடுத்தால் 8 மணி நேரமாவது வண்டி ஓட்டாதீர்கள், கலக்கம் மிச்சமிருந்தால் அதற்குப் பிறகும் வேண்டாம். இதய நோய், கர்ப்பம், குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நரம்புவழி:
தினமும் எடுத்தவர் ஒரேயடியாக விட்டால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி தொடங்கி இரண்டு வாரம் வரை நீளலாம். மைக்ரேன் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி எண்ணெயை எடுப்பது அந்த நேரத்தில்தான். அவசரக் காரணம் இல்லையென்றால் டாக்டர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.