சுழலோய்வு: ஹார்டு டிஸ்க் உறங்குகிறதா, ஓய்கிறதா?

கம்ப்யூட்டர் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன் நான். இங்கே இதுவரை வாசித்ததோடு சரி. ‘ஸ்லீப்’ என்பதற்குத் ‘தூக்கநிலை’ என்று முடிவாகப் போகிறது என்று பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஊர்ச் சங்கடம். குமரி மாவட்டத்தில் நாங்கள் உறங்குவோம். தூங்குவது என்றால் எங்கள் பேச்சில் தொங்குவது. மரத்தில் பலாப்பழம் தூங்கும், கொடியில் துணி தூங்கும். எங்கள் ஊர்க் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள், தூக்கணாங்குருவிக்குப் பெயர் வந்ததும் இந்தத் தொங்கலில்தான். ‘கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது’ என்று என் கடையில் சொன்னால், ‘ஹேங்’ ஆகிவிட்டது என்று புரிந்துகொள்ளவே ஆள் இருக்கிறது!

அதைவிடப் பெரிய சிக்கல், நாம் ஒரே சொல்லுக்குள் பல சங்கதிகளை அடைக்கப் பார்ப்பது. அதனால் எனக்கு ஒரு முழு ராத்திரி போனது.

போன ஆவணியில் கருங்கல் பக்கம் ஒரு கல்யாணம். மூன்று கேமராவின் பதிவும் ஒரு 2 டிபி எக்ஸ்டர்னல் டிரைவில். வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போது பத்து விநாடி நேரம் எல்லாமே உறையும், பிறகு தானாக ஓடும். ஒருமுறை சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தால் டிரைவையே காணோம், டைம்லைன் முழுக்கச் சிவப்பு. சர்வீஸ் செய்கிறவரைப் போனில் பிடித்தேன். “ஸ்லீப்பை ஆஃப் பண்ணிரும் அண்ணே, சரியாவும்” என்றார். கம்ப்யூட்டரின் ஸ்லீப்பை நிறுத்தினேன். சரியாகவில்லை. அவர் சொன்னது டிஸ்க்கின் ஸ்லீப்பை. நான் நிறுத்தியது வேறு ஒன்றை. இரண்டு பேருமே சரியான சொல்லைத்தான் சொன்னோம், அதுதான் வேடிக்கை.

உள்ளே நடப்பது இதுதான். கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போனால் திரை அணையும், பிராசசர் நிற்கும், ஆனால் ரேமுக்கு, அதாவது திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்துக்கு, மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் தட்டியதும் விட்ட இடத்திலிருந்து எழுகிறது. ஹைபர்னேட் வேறு: ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு முழுசாக அணைவது. மூன்றாவது, கம்ப்யூட்டர் விழித்தே இருக்க டிஸ்க்கின் மோட்டார் மட்டும் நிற்பது. விண்டோஸில் ‘பேலன்ஸ்டு’ பிளானில் கரண்டில் ஓடும் கம்ப்யூட்டருக்கு 20 நிமிடம் என்று வைத்திருப்பார்கள். மேக்கிலோ இதற்கும் ‘ஸ்லீப்’ என்றே பெயர். நாலாவது, யுஎஸ்பி போர்ட்டை அரைமயக்கத்தில் போடுவது. இவை போக, சில டிரைவ்களின் பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சிப்புக்கே ஒரு கடிகாரம் உண்டு. நாம் விண்டோஸில் என்ன மாற்றினாலும் அது கண்டுகொள்ளாது.

என் பத்து விநாடி உறைதல் மூன்றாவது வகை. டிஸ்க்குக்குள் நின்றுபோன தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று வேகம் பிடிக்கும்வரை எடிட்டிங் மென்பொருள் வாயைப் பிளந்து காத்திருக்கிறது. டிரைவ் காணாமல் போனதற்குக் காரணம் கொஞ்சம் வேறு. நின்ற மோட்டாரைக் கிளப்பும் அந்தக் கணத்தில்தான் டிரைவ் அதிகக் கரண்ட் இழுக்கும். பழைய யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. நான் ஒரே போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும், தனிக் கரண்ட் இணைப்பு இல்லாத ஒரு ஹப்பில் டிரைவோடு மவுஸ், கீபோர்டு, டாங்கிள் எல்லாவற்றையும் செருகியிருந்தேன். ஓடிக்கொண்டிருந்தவரை சமாளித்தது, நின்று கிளம்பும்போது மூச்சு வாங்கிக் கழன்றுவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது கழன்றிருந்தால் கோப்பே உடைந்திருக்கும்.

தேய்மானக் கணக்கும் உண்டு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேலை இல்லையென்றால் படிக்கும் தலை தட்டை விட்டு ஓரமாக ஒதுங்கும். மெல்ல ‘டிக்’ என்று கேட்பது பெரும்பாலும் அதுதான். பல டிரைவ்களுக்கு இந்த ஒதுங்கல் 3,00,000 தடவை தாங்கும் என்று கணக்கு எழுதியிருப்பார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஒதுங்குகிற டிரைவை நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 480. அந்தக் கணக்கு இரண்டு வருஷம்கூட வராது. அன்றைக்கே டிரைவ் செத்துவிடும் என்று சொல்லவில்லை. பத்து வருஷம் வரும் என்று நம்பி ஒரே பிரதியை அதில் வைத்திருப்பவனுக்காகச் சொல்கிறேன்.

இனி சொல். மோட்டார் நிற்பதற்கு ‘சுழலோய்வு’ என்று வைக்கலாமா? மழை ஓய்கிறது, காற்று ஓய்கிறது, அலை ஓய்கிறது. அசைந்துகொண்டிருந்த ஒன்று அடங்குவதற்குத் தமிழில் கையோடு இருக்கும் சொல் ஓய்தல்தான். ‘டிரைவ் ஓய்ந்துவிட்டது’ என்று வினையாகவும் சொல்லலாம், மடக்கினால் மடங்கும். ‘சுழற்சி நிறுத்த நிலை’ போன்றவற்றை யாரும் போனில் சொல்லப்போவதில்லை. தலை ஓரம்போவதற்குத் ‘தலை ஒதுங்கல்’. மழைக்கு ஒதுங்குவது மாதிரி. கம்ப்யூட்டருக்கு ‘உறக்கம்’ போதும்.

ஹைபர்னேட்டுக்குப் பள்ளிப் பாடத்தில் இருக்கும் ‘குளிர்கால உறக்கம்’ வேண்டாம். குமரியில் குளிர்காலத்துக்கு எங்கே போவது?

மார்த்தாண்டத்திலிருந்து.

* * *

தம்பிக்கு,

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால்தான் உங்கள் சொல் கொஞ்சம் குத்துகிறது. ஓய்வு என்றதும் ஜனங்களுக்குப் பென்ஷன்தான் நினைவு வரும். இருந்தாலும் ஓய்தலுக்கு நீங்கள் சொன்ன நியாயம் சரி. முன்னால் ஒரு நண்பர் ‘துஞ்சுநிலை’ என்றாரே, அதைவிட இது எவ்வளவோ மேல். துஞ்சுதலுக்கு உறங்குதல் என்றும் பொருள், சாதல் என்றும் பொருள். சோழ மன்னன் ஒருவனைக் ‘குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்’ என்றால் அங்கே படுத்து எழுந்தவன் அல்ல, அங்கே இறந்தவன். கல்யாண வீடியோ இருக்கும் பெட்டியைத் ‘துஞ்சியது’ என்று சொன்னால் பெண் வீட்டார் உங்களைச் சும்மா விடுவார்களா?

கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்கு மட்டும் எனக்கு வேறு ஆசை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிக் கிடப்புக்கு ‘அறிதுயில்’ என்று பெயர். வெளியே உறக்கம், உள்ளே எல்லாம் அறிந்தபடி. ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும் என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் இந்தச் சொல்தான் வந்தது. ஹைபர்னேட்டுக்கு ‘ஆழ்துயில்’ என்று வைத்தால் இரண்டும் ஜோடி சேரும்.

இன்னொன்று. இப்போது சுழலாத டிஸ்க்குகள் வந்துவிட்டன என்கிறார்கள். அதில் உங்கள் சுழலோய்வு என்ன ஆகும்?

* * *

சார்,

அறிதுயில் அழகுதான், மறுக்கவில்லை. ஹைபர்னேட்டுக்கு ஆழ்துயிலையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மெனுவில் அறிதுயில், ஆழ்துயில் என்று மேலும் கீழுமாக இருந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்தப் பையனும் மாற்றித்தான் அமுக்குவான். ஒன்று உறக்கம், ஒன்று ஆழ்துயில் என்று ஓசையிலேயே விலகி நிற்கட்டும்.

எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை, அதனால் சுழலோய்வும் இல்லை. சொல்லைக் கேட்டதுமே அது எந்த டிரைவுக்கு என்று தெரிந்துவிடும் அல்லவா? எனக்கு அது லாபம்தான். இப்போது எடிட்டிங் எஸ்எஸ்டியில், சுழலும் டிரைவ் இரண்டும் பிரதிக்கு மட்டும். பிரதி எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன், அங்கே எவ்வளவு ஓய்ந்தாலும் எனக்கு நல்லதுதான்.

நீங்கள் சொன்ன பென்ஷன் குழப்பத்தைக் கடையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டேன். பிரதி எடுக்கும் கம்ப்யூட்டர்மேல் ‘உறக்கம் கிடையாது, ஓய்வு கிடையாது’ என்று தாளில் எழுதி ஒட்டினேன். காலையில் வந்த உதவிப் பையன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அண்ணே, இது டிரைவுக்கா, எனக்கா?”

ஆகவே ஓய்வு என்று சுருக்க வேண்டாம். சுழலோய்வு என்றே முழுசாக வைத்துக்கொள்வோம்.