கடலைக்கொடி செரிமான ஆய்வு: ஒரே ஆடு, ஒரே புழுக்கை, இரண்டு முறைக்கும் 13 புள்ளி வித்தியாசம்

கொடித்தீவனம் (கேள்வி)

வணக்கம். 6 மேச்சேரி இனச் செம்மறிக் கிடாக்களில் கடலைக்கொடி மட்டும் கொடுத்து உட்கொள்ளும் அளவையும் செரிமானத்தையும் அளந்திருக்கிறோம். சராசரி எடை 25 கிலோ. 14 நாள் தீவனப் பழக்கம், அதில் கடைசி 4 நாள் மெட்டபாலிசம் கூண்டில் (புழுக்கையைத் தனியாகச் சேகரிக்கும் கூண்டு). அதன்பின் 7 நாள் முழுப் புழுக்கை சேகரிப்பு. ஓர் ஆட்டுக்கு ஒரு நாள் சராசரி, எல்லாம் உலர்பொருள் (ஈரம் நீக்கிய எடை) கணக்கில்:

வைத்தது 1000 கிராம், மிச்சம் 150 கிராம், புழுக்கை 360 கிராம். உலர்பொருள் செரிமானம் 57.6%.

சரிபார்க்க, அமிலத்தில் கரையாத சாம்பலை உள் அடையாளப் பொருளாக (தீவனத்திலேயே இருந்து, செரிக்காமல் புழுக்கையில் வெளியேறும் பொருள்) வைத்தும் கணக்கிட்டோம். வைத்த கொடியில் 6.0%, புழுக்கையில் 10.8%. அந்தக் கணக்கில் செரிமானம் 44.4% மட்டுமே வருகிறது. எதை நம்புவது?

கச்சா புரதம் (நைட்ரஜனை அளந்து கணக்கிடுவது) கொடியில் 10.5%, புழுக்கையில் 8.9% (100 டிகிரியில் உலர்த்திய மாதிரி). புரதச் செரிமானம் 64% வருகிறது. மிச்சத்தை எடை மட்டும் போட்டோம், பகுப்பாய்வு செய்யவில்லை. மாதிரிகள் பத்திரமாக இருக்கின்றன.

இன்னொன்று: ரூமனில் (முதல் வயிறு) துளையிட்ட எருதில் நைலான் பை சோதனையும் செய்தோம்; பையில் போட்ட தீவனம் ரூமனில் எவ்வளவு சிதைகிறது என்று பார்ப்பது அது. பை 9 × 14 செ.மீ., ஒவ்வொன்றிலும் 10 கிராம், 1 மி.மீ. சல்லடையில் அரைத்தது. ரூமனில் வைக்காமல் வெறுமனே கழுவிய பையிலேயே 34% காணாமல் போகிறது. 24 மணி நேரப் பைகள் 41 முதல் 58% வரை சிதறுகின்றன. எங்கே தவறு?

---

சாம்பல்கணக்கு

முழுச் சேகரிப்பை நம்புங்கள். உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. அடையாளப் பொருள் எவ்வளவு உள்ளே போய் எவ்வளவு வெளியே வந்தது என்று பாருங்கள். தின்ற 850 கிராமில் 6% என்றால் 51 கிராம் கரையாத சாம்பல் உள்ளே போயிருக்க வேண்டும். புழுக்கையில் வந்தது 360-இல் 10.8%, அதாவது 38.9 கிராம். மீட்பு 76% தான். மணலும் சிலிக்காவும் செரிக்காது, சிறுநீரில் போவதும் மிகக் குறைவு. அப்படியென்றால் அந்த 12 கிராம் ஆட்டின் வாய்க்குள் போகவே இல்லை.

கடலைக்கொடி மண்ணோடு பிடுங்கி எடுக்கும் பயிர். வேரிலும் காம்பிலும் ஒட்டிய மண் தொட்டியில் கொடியைக் கொட்டியதும் உதிர்ந்து அடியில் தங்கும். ஆடு மேலே இருக்கும் இலையைப் பொறுக்கித் தின்னும். மிஞ்சுவது தண்டும் மண்ணும். வைத்த தீவனத்தின் சாம்பலை அப்படியே தின்ற தீவனத்தின் சாம்பலாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. மிச்சத்தில் சாம்பல் எவ்வளவு என்று பாருங்கள்; 14% அளவில் இருந்தால் கணக்கு நேராகிவிடும்.

செய்முறை: ஒவ்வொரு ஆட்டின் மிச்சத்தையும் தனித்தனியாகச் சேருங்கள், ஆறையும் கலந்துவிடாதீர்கள். 5 கிராம் உலர்ந்த மாதிரியை 450 டிகிரியில் இரவு முழுதும் எரித்து, சாம்பலை 100 மி.லி. 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் கொதிக்கவைத்து, சாம்பலற்ற வடிதாளில் வடித்து, அமிலம் போகும்வரை வெந்நீரில் கழுவி, வடிதாளோடு மறுபடி 450 டிகிரியில் எரித்து எடை போடுங்கள். வான் கியூலனும் யங்கும் 1977-இல் ஆட்டுச் செரிமானத்துக்கு வைத்துக் காட்டிய முறை இதுதான். இரட்டை மாதிரி கட்டாயம். மண் கலந்த தீவனத்தில் 5 கிராமுக்கும் 5 கிராமுக்கும் வித்தியாசம் வரும், அது ஆய்வகத் தவறு அல்ல, மாதிரி எடுத்த தவறு.

தொட்டியைக் கையால் அள்ளி மிச்சம் எடுத்திருந்தால் அடித்தூசி தொட்டியிலேயே கிடந்திருக்கும். பிரஷ் வைத்துக் கூட்டி எடுத்தீர்களா?

---

கொடித்தீவனம்

நன்றி ஐயா. பிரஷ்ஷால்தான் கூட்டினோம். மிச்சத்தின் மாதிரிகளை ஓட்டிவிட்டேன்: சாம்பல் சராசரி 14%, கச்சா புரதம் 6%. தின்றதில் சாம்பல் 60 − 21 = 39 கிராம், அதாவது 4.59%. இப்போது அடையாள முறையில் செரிமானம் 57.5%. முழுச் சேகரிப்போடு ஒட்டிவிட்டது!

---

ஆய்வகமேசை

சாம்பல் நேரானதும் புரதத்தை விட்டுவிடாதீர்கள். அந்த 64% பார்க்க நியாயமாகத் தெரிகிறது, ஆனால் எதிரெதிர் திசையில் போகும் இரண்டு பிழைகள் அதற்குள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இருக்கின்றன.

முதல் பிழை மிச்சம். வைத்ததில் புரதம் 105 கிராம், மிச்சத்தில் 9 கிராம். தின்றது 96 கிராம், நீங்கள் நினைத்த 89 அல்ல. ஆடு உண்மையில் தின்றது 11.3% புரதமுள்ள தீவனம். இலையைப் பொறுக்கியதன் அடையாளம் அது. இதை மட்டும் திருத்தினால் செரிமானம் 66.6% என்று ஏறும்.

இரண்டாவது புழுக்கையை 100 டிகிரியில் உலர்த்தியது. ஈரப் புழுக்கையில் உள்ள நைட்ரஜனில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். பறந்ததெல்லாம் செரித்த கணக்கில் சேரும். அதனால் நைட்ரஜனை ஈரப் புழுக்கையிலேயே கெல்டால் முறையில் பார்க்க வேண்டும்: அன்றாடப் புழுக்கையை முழுதும் எடை போட்டு, நன்றாகக் கலந்து, 10% எடுத்து −20 டிகிரியில் உறையவைக்கலாம், உறைபெட்டி இல்லாவிட்டால் நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைக்கலாம். அதே கலவையில் இன்னொரு பங்கை அன்றே 100 டிகிரியில் வைத்து உலர்பொருள் பாருங்கள். நார் பகுப்பாய்வுக்கு மூன்றாவது பங்கு, 60 முதல் 65 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. சூடு கூடினால் சர்க்கரையும் புரதமும் பிணைந்து, நார்க் கரைசலில் கரையாமல் நின்று, இல்லாத நாரைக் காட்டும்.

உறையவைத்த புழுக்கை இருந்தால் ஓட்டிப் பாருங்கள். உலர்பொருளில் 10% வந்தால் புழுக்கைப் புரதம் 36 கிராம், செரிமானம் 62.5%. நீங்கள் சொன்ன 64-க்கு அருகில்தான் இருக்கிறது, ஆனால் அந்த 64 தற்செயல். அடுத்த தீவனத்தில் ஒரு பிழை மட்டும் பெரிதானால் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு சந்தேகம். தீவன எடையையும் புழுக்கையையும் ஒரே 7 நாளில் எடுத்தீர்களா? இன்று தின்றது இன்றே புழுக்கையாக வராது. தீவன அளவீட்டை 2 நாள் முன்னால் தொடங்கி முடிக்க வேண்டும். உட்கொள்ளல் நாளுக்கு நாள் ஒரே சீராக இருந்தால் இது பெரிதாகப் பாதிக்காது. கூண்டில் ஏற்றிய முதல் 2, 3 நாள் ஆடு தின்பதைக் குறைக்கும், பிறகு ஏறும். 4 நாள் கூண்டுப் பழக்கம் என் கணிப்பில் குறைவு. ஒவ்வொரு ஆட்டுக்கும் அன்றாட உட்கொள்ளலை வரைந்து பாருங்கள். கோடு ஏறிக்கொண்டே இருந்தால் அந்த ஆட்டின் செரிமானம் பொய்யாக உயர்ந்து தெரியும்.

---

ரூமன்வாசல்

நைலான் பைக்கு வருகிறேன். மூன்று தனித்தனிக் குறைகள்.

பையின் பரப்பு இரண்டு பக்கமும் சேர்த்து 252 ச.செ.மீ. ஒரு ச.செ.மீ.க்கு 10 முதல் 15 மி.கி. மாதிரி போதும், உங்கள் பைக்கு இரண்டரை முதல் மூன்றே முக்கால் கிராம். நீங்கள் போட்டது கிட்டத்தட்ட 40 மி.கி. நெருக்கி அடைத்த பையின் நடுவே ரூமன் திரவம் நுழையாது. ஓரத்தில் இருப்பது சிதையும், நடுவில் கட்டியாக நிற்கும். 41-க்கும் 58-க்கும் இடையிலான சிதறலுக்கு முதல் காரணம் இதுவே.

அரைப்பு: 1 மி.மீ. சல்லடை வேதிப் பகுப்பாய்வுக்கு. பைக்குள் போகும் உலர்தீவனத்தை 2 முதல் 5 மி.மீ. வரையில் கொரகொரப்பாக அரையுங்கள். துணியின் துளை 40 முதல் 60 மைக்ரான். பொடி அந்தத் துளை வழியே தானாகவே வெளியேறி, கரைந்தது போலக் கணக்கில் ஏறுகிறது.

மூன்றாவது, மேலே பேசிய அதே மண். கழுவும்போது மண் துளை வழியே போய்விடும், உலர்பொருள் கணக்கில் அது ‘உடனே கரையும் பகுதி’ ஆகிவிடும். மண் கலக்கும் தீவனங்களுக்கு உலர்பொருளை விட்டுவிட்டு, பையின் எச்சத்தையும் சாம்பலாக்கி, அங்ககப் பொருளில் (உலர்பொருளில் சாம்பல் நீங்கியது) கணக்கிடுங்கள். மண்ணைப் போக்கக் கொடியை நீரில் அலசாதீர்கள், சர்க்கரையும் கரையும் புரதமும் சேர்ந்து போய்விடும். ஆய்வு தொடங்கும் முன்பே மொத்தக் கொடியையும் கம்பி வலைமேல் உதறி, 2, 3 செ.மீ. நீளத்தில் நறுக்கி, கலந்து மூட்டை கட்டுங்கள். ஆட்டுக்கும் பைக்கும் அதே மூட்டை.

பைகளை 0, 3, 6, 12, 24, 48, 72, 96 மணி நேரத்துக்கு வைப்பது வழக்கம். வெவ்வேறு நேரத்தில் உள்ளே விட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்துக் கழுவுங்கள். கழுவல் ஒன்றுபோல் இருக்கும். எடுத்த உடன் குளிர்நீரில் போட்டால் நுண்ணுயிரின் வேலை நிற்கும். எருதுக்கு என்ன தீவனம் கொடுக்கிறீர்கள்? அடர்தீவனம் தூக்கலாக இருந்தால் ரூமனின் பிஎச் 6.2-க்குக் கீழே இறங்கி, நார் சிதைக்கும் பாக்டீரியா தளர்ந்துவிடும். அந்த எருதில் எந்தக் கொடியும் மோசமாகத்தான் தெரியும். ஒரே எருது போதாது, குறைந்தது மூன்று வேண்டும். மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாடு பைக்குப் பை உள்ளதைவிடப் பெரிது.

---

கொடித்தீவனம்

எருதுக்கு வைக்கோலோடு 2 கிலோ அடர்தீவனம் போகிறது, மாற்றுகிறேன். உறையவைத்த புழுக்கையில் புரதம் 10.1% வந்தது. கடைசியாக ஒன்று: இதே கொடியை மாட்டுக்கும் வைத்து ஒப்பிட வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறார். ஆடு உடல் எடையில் 3.4% தின்கிறது. மாடு அவ்வளவு தின்னாதே?

---

ரூமன்வாசல்

உடல் எடைச் சதவீதத்தில் ஆட்டையும் மாட்டையும் ஒப்பிடாதீர்கள். எடையின் 0.75 அடுக்கில் (வளர்சிதை எடை) போடுங்கள். 25 கிலோ ஆட்டுக்கு அது 11.2; 850 கிராம் என்றால் ஓர் அலகுக்கு 76 கிராம். 256 கிலோ மாட்டுக்கு 64. அது 6 கிலோ தின்றால் உடல் எடையில் 2.3% தான், ஆனால் அலகுக்கு 94 கிராம். சதவீதத்தில் ஆடு முந்துகிறது, வளர்சிதை எடையில் மாடு முந்துகிறது.

இதன் அடியில் இருப்பது வயிற்றுக் கணக்கு. ரூமனின் கொள்ளளவு உடல் எடையோடு சேர்ந்து நேராக வளர்கிறது. ஆற்றல் தேவை 0.75 அடுக்கில்தான் வளர்கிறது. ஆகவே மாட்டுக்குத் தேவையை ஒப்பிட வயிறு பெரிது, நாரை அதிக நேரம் நிறுத்தி வைத்துச் சிதைக்க முடியும். ஆட்டுக்கு அந்த வசதி இல்லை, அதனால் இலையைப் பொறுக்கியாக வேண்டும். நல்ல பசுந்தீவனத்தில் இரண்டின் செரிமானமும் அருகருகே வரும். வைக்கோல் போன்றவற்றில் மாடு முந்தும். வைக்கோலுக்கு ஆட்டில் கிடைத்த எண்ணை அப்படியே மாட்டுக்கு ஒட்டவைப்பது தவறு.

பை எண்களை எழுதும்போதும் வெளியேறும் வேகத்தைச் சொல்லுங்கள். ஆர்ஸ்கோவும் மெக்டொனால்டும் 1979-இல் தந்த சமன்பாட்டில், உடனே கரைவது 20%, மெதுவாகச் சிதைவது 45%, சிதையும் வேகம் மணிக்கு 0.05 என்று வைத்துக்கொள்வோம். தீவனம் ரூமனிலிருந்து மணிக்கு 0.03 வேகத்தில் வெளியேறினால் பயன்படு சிதைவு (வெளியேறும் முன் ரூமனில் உண்மையில் சிதைவது) 48.1%. அதிகம் தின்று வெளியேற்றம் 0.05 ஆனால் 42.5%. கொடி அதே கொடிதான்.

---

சாம்பல்கணக்கு

மாட்டிலும் மிச்ச விகிதத்தை 15% என்றே வையுங்கள். ஆட்டுக்கு 15%, மாட்டுக்கு 5% என்று வைத்தால் ஒன்று இலை தின்னும், மற்றொன்று தண்டும் தின்னும். ஒப்பீடு விலங்கைப் பற்றியதாக இருக்காது. மாட்டுத் தொட்டியின் அடித்தூசியையும் பிரஷ்ஷால் கூட்டி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள்.