கோலி சோடா பாட்டில்: காலி திரும்பி வந்த காலம்

கோலி சோடாவில் ஆள் குடித்தது தண்ணீரும் கேஸும். கடைக்காரர் போட்ட முதலீடு பாட்டிலில் கிடந்தது. அதனால்தான் கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டு காலியை வைத்துவிட்டுப் போகும் பழக்கம் வந்தது. வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் ஒரு காலியைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டெபாசிட் கட்ட வேண்டும். சோடா போடுகிறவர் எத்தனை நிறை பாட்டில் இறக்கினாரோ அத்தனை காலி சைக்கிளில் ஏறியாக வேண்டும்.

காலியை வாங்கும்போது வாய் விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். சில்லு பெயர்ந்திருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் லேசாகக் குலுக்கி, கோலி தடையில்லாமல் உருளுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். கலர் சோடா ஊற்றிய பாட்டிலை அன்றே கழுவாவிட்டால் சர்க்கரை காய்ந்து, கோலி கழுத்திலேயே ஒட்டிக்கொள்ளும். குச்சியால் குத்தாதீர்கள், கழுத்து விரிசல் விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் தானே விடும்.

* * *

வாஷரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாய்க்கு உள்பக்கம் ஒரு பள்ளம் ஓடும், ரப்பர் வளையம் அதில்தான் உட்காரும். உள்ளிருக்கும் கேஸ் கோலியை மேலே தள்ளி இந்த வளையத்தோடு அழுத்துவதால்தான் பாட்டிலுக்கு மூடியே தேவையில்லை. லண்டனில் ஹைரம் காட் என்ற பொறியாளர் 1872இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. ஜப்பானின் ராமுனே என்ற சோடா பாட்டிலும் இதே வழிதான்.

ரப்பர் காய்ந்து இறுகினால் கேஸ் கசியும். நிறை பாட்டிலின் கோலியைச் சுற்றி ஈரம் குமிழ்விட்டால் அதுதான் அடையாளம். பழைய வளையத்தை நுனி வளைத்த கம்பியால் நெம்பி எடுங்கள். புதியதை வெந்நீரில் சற்று ஊறவைத்து, இரண்டாக மடித்து உள்ளே விட்டு, விரலால் பள்ளத்தில் அமுக்குங்கள். முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு பக்கம் கசிந்துகொண்டே இருக்கும்.

* * *

சோடா போடும் மெஷின் பக்கம் நிறைய பேர் கவனிக்காதது: பாட்டில் தலைகீழாகத் திரும்பியபின்தான் கோலி வாய்க்கு வரும். நிமிர்ந்திருக்கும்போதே கேஸை ஏற்றி எடுத்தால் அடைபடாது. கைப்பிடியைச் சுற்றுவது கேஸ் தண்ணீரில் கரைவதற்கு. தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு கேஸ் பிடிக்கும். வெயிலில் சூடேறிய தண்ணீரில் போட்ட சோடா திறந்ததும் சீறிவிட்டு சப்பென்றாகிவிடும். வாய்வரை தண்ணீர் நிரப்பக் கூடாது, மேலே காலியிடம் வேண்டும். கீறல் விழுந்த பாட்டில் அழுத்தத்தில் வெடிக்கும். மெஷினில் இரும்பு மூடி இருப்பது அதற்காகத்தான், அதைத் திறந்துபோட்டுக்கொண்டு சுற்றுவது மகா தப்பு.

ஊற்றும்போது கழுத்தின் இரண்டு குழிகளும் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். கோலி அங்கே தங்கி வழி விடும். திருப்பிப் பிடித்தால் வாய்க்கு உருண்டு வந்து அடைக்கும்.

* * *

பழைய பாட்டில் சேர்க்கிறவர்களுக்கு ஒன்று. தோளிலும் அடிப்பக்கத்திலும் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் பாட்டிலோடு பாட்டில் உரசி உரசி விழுந்த தடம் அது. பல முறை கடைக்குப் போய்த் திரும்பிய பாட்டிலுக்குத்தான் இருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது, போக்கவும் வேண்டாம். ஆனால் அப்படித் தேய்ந்த பாட்டிலில் திரும்ப கேஸ் ஏற்றாதீர்கள், கண்ணாடி பலம் இழந்திருக்கும்.

உள்ளே உப்புத்தண்ணீர் வெள்ளை படிந்திருந்தால் வினிகர் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மண்ணில் புதைந்து கிடந்து எடுத்ததில் வானவில் போல் பூத்திருந்தால் அது அழுக்கு அல்ல, கண்ணாடியே அரித்தது, தேய்த்துப் பயனில்லை. குளிர்ந்த பாட்டிலில் கொதிநீர் ஊற்றிவிடாதீர்கள்.

கோலியை மட்டும் வெளியே எடுக்க வழி கேட்கிறவர்களுக்கு: வழியே கிடையாது. கோலியைப் போட்ட பிறகுதான் கண்ணாடிச் சூட்டிலேயே வாயைச் சுருக்குவார்கள். பாட்டிலை உடைத்தால்தான் அது கைக்கு வரும். தெரு விளையாட்டில் உருண்ட ஒவ்வொரு சோடாக் கோலிக்கும் பின்னால் ஒரு பாட்டில் திரும்பாமல் போயிருக்கிறது.