சந்திரதால் ஏரிக்கு அப்பாவுடன் எந்த வழியாகச் செல்வது?

வணக்கம். இமாசலப் பிரதேசத்தில் சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் உள்ள சந்திரதால் ஏரிக்குச் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அப்பாவை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஆனால் எந்த வழியில் செல்வது என்று முடிவெடுக்க முடியவில்லை. நாங்கள் கடலூர் முதுநகரில் வசிக்கிறோம். அப்பாவுக்கு வயது 63. தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர்தான் என்றாலும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். மலை அனுபவம் ஏற்காட்டோடு சரி.

புதுச்சேரியில் விசாரித்த பயண முகவர்கள் அனைவரும், மணாலியிலிருந்து அடல் சுரங்கம், பாதல் வழியாக ஒரே நாளில் ஏரிக்கு அருகிலுள்ள கூடாரத்துக்குக் கொண்டு சேர்ப்பதாகவே சொல்கிறார்கள். மணாலியின் உயரம் ஏறத்தாழ 2,050 மீட்டர்தான். ஒரே பகலில் இன்னும் 2,000 மீட்டருக்கு மேல் ஏறி, அன்றிரவே அங்கு உறங்குவது ஆபத்து என்றே எனக்குப் படுகிறது. 3,000 மீட்டரைத் தாண்டினால், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் கூறும் பொது விதி. எங்கள் மருத்துவரும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் வரும் மலை நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, மெதுவாக ஏறுவதற்கு அது ஈடாகாது என்றார். இன்னொரு வழியான சிம்லா, கின்னௌர், ஸ்பிதி பள்ளத்தாக்கிலுள்ள காசா வழி படிப்படியாக உயர்கிறது. ஆனால் நாள்கணக்கில் மலைச்சாலையில் குலுங்கிச் செல்ல வேண்டும், அப்பாவுக்கு இடுப்பு வலியும் உண்டு.

அறுபது வயதைக் கடந்தவர்களை அங்கு அழைத்துச் சென்றவர்கள், இந்த இரண்டு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், இடையில் எந்தெந்த ஊர்களில் இரவு தங்கினீர்கள்?