எரிமலையில் மலை எங்கே? ‘எரிவெள்ளம்’ என்ற சொல் பற்றி

ஐயா, வணக்கம். உயிரினங்கள் கூட்டமாக ஒழிந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படும் மாபெரும் லாவாப் பெருக்குகளுக்கு, அதாவது உருகிய பாறைக் குழம்பு நிலத்தைப் பிளந்து வழிந்ததற்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் மடல் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘அழிவெரிமலை’ என்று வைத்தால் காரணமும் விளைவும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

வந்துவிடும்தான், ஆனால் இரண்டுமே தப்பாக வரும். முதலில் மலையைப் பார்ப்போம். நாம் பேசுவது உச்சியில் புகை கக்கும் கூம்பு மலையைப் பற்றி அல்ல. நிலம் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, அந்தப் பிளவு வழியே லாவா பொங்கிப் பள்ளம் மேடெல்லாம் மூடிப் பரவியது. அதுவும் ஒரே மூச்சில் அல்ல, விட்டு விட்டுப் பல லட்சம் ஆண்டுகள். தக்காணத்தில் இன்று மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் அந்த அடுக்குகளின் கனம் 2 கிலோமீட்டரைத் தொடும். அங்கே மலை எரியவில்லை. எரிந்து வழிந்து இறுகியதுதான் பிற்பாடு அரிக்கப்பட்டு மலையாக நிற்கிறது.

அப்புறம், முந்தைய மடலில் இருந்த ‘பெரு எரிமலை வெடிப்பு’. பித்தவெடிப்பில் இருப்பதும் வெடிப்பு, பட்டாசில் கேட்பதும் வெடிப்பு. விரிசல் என்ற பொருளில் இங்கே அது பொருந்தும். ஆனால் எரிமலையை முன்னால் போட்டுவிட்டால் யாருக்கும் விரிசல் தோன்றாது, ‘டமார்’தான் தோன்றும். சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் வெடித்து, 2,000 கன கிலோமீட்டருக்கு மேல் கக்கியது. அந்த அளவு வெடிப்பிலும் உலகளாவிய உயிரினப் பேரழிவு எதுவும் நடக்கவில்லை. நம் முன்னோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

கொன்றது சத்தம் குறைந்த வகை. அதன் சின்ன மாதிரி ஐஸ்லாந்தின் லாக்கி. 1783-ல் 27 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து எட்டு மாதம் வழிந்தது. கந்தக வாயுவும் ஃப்ளூரினும் படிந்து புல் நஞ்சாகி, ஆடுமாடுகள் செத்து, பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவராவது மாண்டார்கள். அங்கே வந்த லாவா சுமார் 15 கன கிலோமீட்டர்தான். சைபீரியாவில் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது பல லட்சம் கன கிலோமீட்டர்! போதாக்குறைக்கு, மேலே வரும் வழியில் நிலக்கரி, உப்புப் படுகைகளுக்குள் புகுந்து அவற்றைச் சுட்டுக் கரியமில வாயுவையும் மீத்தேனையும் கிளப்பிவிட்டது. கடல் சூடேறி, அமிலத்தன்மை கூடி, ஆக்சிஜன் குறைந்து, கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் ஒழிந்தன. லாவா தொட்டுச் செத்தவை சொற்பம்.

ஆகவே என் பரிந்துரை: எரிவெள்ளம். எரிமலையில் எரியை வைத்துக்கொண்டு மலையை எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான். இப்படிப் பரவி இறுகிய கரும்பாறையைப் புவியியலாளர்கள் ‘ஃப்ளட் பசால்ட்’ என்பதிலும் வெள்ளம்தான் இருக்கிறது. பழந்தமிழில் வெள்ளம் என்பது ஒரு பேரெண்ணின் பெயரும்கூட. கன கிலோமீட்டரை லட்சத்தில் எண்ணும் விஷயத்துக்கு அது தற்செயலாகக் கிடைத்த இலவச இணைப்பு.

‘அழிவு’ என்ற முன்னொட்டு ஏன் கூடாது? எல்லா எரிவெள்ளமும் கொல்லவில்லை. வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் பக்கம் சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் மூழ்கியது. பேரழிவு இல்லை. தக்காணத்திலோ வழக்கு இன்னும் முடியவில்லை: 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை ஒழித்ததில் பெரும்பங்கு மெக்சிகோவின் சிக்சுலூப்பில் விழுந்த விண்கல்லுக்கே என்பவர்கள்தான் அதிகம். தீர்ப்பைப் பெயரிலேயே எழுதி வைத்தால், நாளை தீர்ப்பு மாறினால் சொல்லையும் மாற்ற வேண்டிவரும்.

> ‘பெரும் தீப்பாறை மாகாணம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. உருகிய குழம்பு இறுகிய பாறை பெருமளவில் கிடக்கும் பகுதியை ஆங்கிலத்தில் ‘லார்ஜ் இக்னியஸ் ப்ராவின்ஸ்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு அது. படித்ததும் ஆளுநர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. ‘பெருநிலம்’ என்று ஒரு தோழி சொன்னார். ஆனால் அத்தகைய பகுதிகளில் ஒன்றான ஒன்டாங் ஜாவா பசிபிக் கடலுக்கு அடியில் கிடக்கிறது, அதை நிலம் என்பது இடிக்கும். ‘தீப்பாறைப் பெரும்பரப்பு’ போதும் என்பேன். வரையறையே 1 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் என்று பரப்பில்தான் தொடங்குகிறது.

தக்காணத்து லாவா அடுக்குகளுக்கான ‘டெக்கான் ட்ராப்ஸ்’ என்ற பெயரைத் ‘தக்காணப் பொறிகள்’ என்பதைத் தயவுசெய்து கைவிடுவோம். அந்த ‘ட்ராப்’ எலிப்பொறி அல்ல. படிக்கட்டைக் குறிக்கும் சுவீடியச் சொல்லின் வழி வந்தது, மலைச்சரிவு படிப்படியாகத் தெரிவதால். ‘தக்காணப் படிக்கட்டுப் பாறைகள்’ நீளம்தான், ஆனாலும் சரி. ‘படிப்பாறை’ என்று சுருக்கினால் படிவுப்பாறையோடு குழம்பும்.

கடைசியாக, உயிரினங்கள் கூட்டமாக ஒழிவதற்கான சொல். ‘பேரற்றம்’ எனக்கு மிகவும் பிடித்தது. ‘அறிவற்றங் காக்குங் கருவி’ என்ற குறளில் அற்றம் அழிவுதான். ஆனால் ‘பேரற்ற’ என்று படித்தால் பெயரில்லாத என்று ஆகிவிடுகிறது! ‘பேரின அழிவு’ என்றால் பேரினம் (ஜீனஸ்) ஏற்கெனவே உயிரின வகைப்பாட்டியலுக்குச் சொந்தம். ‘பூண்டறுதல்’ பேச்சுவழக்கில் கச்சிதமான சொல், வேரோடு கிளை இல்லாமல் போவது. என் மூக்குக்குத்தான் வெள்ளைப்பூண்டு வாசம் வருகிறது. எனவே ‘உயிரினப் பேரழிவு’ இருக்கட்டும். புரிகிற சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டியதில்லை.

பாக்கி ஒன்று. நிலக்கரிப் படுகைக்குள் கிடைமட்டமாகப் புகுந்து இறுகிய அந்தத் தகட்டுப் பாறைக்கு, ‘சில்’ என்பதற்கு, என்ன வைக்கலாம்? ‘செருகுபாறை’ என்று ஒன்று தோன்றியது. ஆனால் அது செங்குத்தாகப் புகுந்ததையும் சேர்த்துக்கொள்கிறது. கிடைமட்டத்தை மட்டும் சொல்லும் சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.